நிலம் கேட்டுப் போனவர்கள்

(அக்டோபர் 10 நினைவு நாளையொட்டி அச்சரப்பாக்கத்தில் கூடிய மாணவர்கள், இளைஞர்கள், விவசாயக் கூலித் தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



மேடைக்குப் பின்னாடி கட்டியிருக்கிற துணியில ரெண்டு படம் இருக்கு. ஜான் தாமஸ். ஏழுமலை. இங்க உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் 1994இல் பிறந்திருக்கவே மாட்டீங்க. முன்வரிசையில் ஒரு தம்பி, "அண்ணே, இவங்க ரெண்டு பேரும் எந்தக் கட்சி?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். செத்தவன் படத்தைத் துணியில் போட்டால் அவன் கட்சிக்காரனாத்தான் இருக்கணும் என்று இந்த நாட்டில் ஆகிப்போச்சு. தம்பி, அவங்க நிலம் கேட்டுப் போனவங்க. அதையே இன்னைக்குப் பேசலாம்னு இருக்கேன்.

சம்பவத்தை முதல்ல சுருக்கமாச் சொல்லிடறேன். செங்கல்பட்டுக்குக் கிழக்கே, திருப்போரூர், மாமல்லபுரம் பக்கத்தில் காரணை என்கிற கிராமம். அங்கே தலித் மக்களுக்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் ஒதுக்கிய பஞ்சமி நிலம் நூற்றுக்கணக்கான ஏக்கர், அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது. கடற்கரைப் பக்கம் மண்ணுக்கு விலை ஏற ஏற, மனைத் தரகர்கள் கண் அங்கே விழுந்தது. மக்கள் மனு கொடுத்தார்கள், நடையாய் நடந்தார்கள். கடைசியில் 1994 அக்டோபரில், அந்த நிலத்தில் அண்ணல் அம்பேத்கர் சிலையை வைத்து, இது எங்கள் மண் என்றார்கள். நிர்வாகம் சிலையை அகற்றியது. நியாயம் கேட்டு அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்துப்போனார்கள்.

சம்பவம் இவ்வளவுதான். ஆனா இதுக்குப் பின்னாடி நூறு வருசம் இருக்கு. அந்த நூறு வருசத்தைத் தெரிஞ்சிக்காம படத்துக்கு மாலை போடறது வேஸ்ட்.

செங்கல்பட்டு ஜில்லா என்பது மிராசு ஜில்லா. நிலம், ஏரித்தண்ணி, மேய்ச்சல், தரிசு, பனைமரம், சேரி மனை, எல்லாமே மிராசுதார் பேரில். சேரியில் ஒருத்தன் குடிசை போட்டிருக்கிற இடம்கூட அவனுது இல்ல. எதிர்த்துப் பேசினா மறுநாள் குடிசையைப் பிரிச்சிட்டுப் போக வேண்டியதுதான். தரிசு கிடக்குதே, நான் உழுது தீர்வை கட்டறேன்னு சர்க்காருக்குத் தர்க்காஸ்து போட்டால், எனக்குத்தான் முதல் உரிமைன்னு மிராசுதார் வந்து நிப்பான். அவனும் உழ மாட்டான். ஏன்? சேரிக்காரன் கையில் ரெண்டு காணி இருந்தா நாளைக்கு இவன் கழனிக்கு யார் இறங்குறது? தரிசு தரிசாவே கிடந்தாத்தான் படியாள் படியாளா இருப்பான். கணக்கு அவ்வளவு சுத்தம்.

1843லேயே சட்டம் போட்டு அடிமை முறை செல்லாதுன்னு சொல்லிட்டான் வெள்ளைக்காரன். காகிதத்தில் செல்லாது. ஆனா கடனுக்காகத் தன்னையும் பிள்ளையையும் எழுதிக்கொடுத்து வேலை செய்யற வழக்கம் இந்த ஜில்லாவில் நிற்கவே இல்லை. இதையெல்லாம் 1891இல் எழுதிவச்சவர், இங்கே கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி அவர் எழுதிய அறிக்கையை நம்ம பசங்க கட்டாயம் படிக்கணும். கூலி என்ன, சோறு என்ன, துணி என்ன, குடியிருக்கிற மனை யாருது, கடன் பத்திரம் எப்படி, எல்லாம் அதில் இருக்கு. கடைசியில் அவர் சொன்னது ஒண்ணுதான்: இவர்களுக்கு நிலம் கொடுத்தாலொழிய இந்த அடிமைத்தனம் போகாது. வருவாய் வாரியத்தில் இருந்த மேலதிகாரிகள் பலருக்கு இது பிடிக்கல. எதுக்கு வம்பு, மிராசுதாருடன் ஏன் பகை என்ற மனசு அவங்களுக்கு. கடைசியில் 1892இல் அரசாணை வந்தது. அதிலிருந்து ஒதுக்கப்பட்டதைத்தான் பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்கிறோம். பத்து வருசத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது. அதுக்கப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கணும். மீறி வாங்கினால் செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் நிபந்தனை. இந்த மாதிரி 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அரசு கணக்கு எப்பவும் அதைவிடச் சின்னது. கணக்கு சின்னதாகச் சின்னதாக யாருக்கு லாபம் என்பதை நீங்களே யோசிச்சிக்கங்க.

ஒண்ணு சொல்லணும். ட்ரெமென்ஹீரைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிற ஒரு பழக்கம் நம்மிடம் வந்திருக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல மனுசன், நேர்மையா எழுதினார், மரியாதை செய்வோம். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரு, திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி மாதிரியான பாதிரியார்களும் இதுக்காகக் குரல் கொடுத்தாங்க. ஆனா துரை கொடுத்தாரு, பாதிரி கொடுத்தாருன்னே சொல்லிக்கிட்டிருந்தா நம்ம ஆளுங்க என்ன கையைக் கட்டிக்கிட்டா இருந்தாங்க? தர்க்காஸ்து போட்டவன் யாரு? அடி வாங்குவோம்னு தெரிஞ்சும் மனு எழுதச் சொல்லிப் போய் நின்னவன் யாரு? அதே 1891 டிசம்பரில் நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் மாநாடு கூட்டினார். இதோ, மதுராந்தகம் பக்கத்தில் இருக்கிற கோழியாளம். அங்க பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்று பேர் வச்சு பத்திரிகை தொடங்கினார். எந்தப் பேரைச் சொல்லித் திட்டினானோ அந்தப் பேரையே தலைப்பில் போட்டு அச்சடிச்சு வித்தார். பின்னாடி லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் பக்கத்தில் உட்கார்ந்தவர். நம்ம தாலுக்கா ஆளு.

இந்த ஊருக்கே ஒரு கதை சொல்வாங்க. முப்புரம் எரிக்கப் போன சிவன் தேர் இங்கே அச்சு முறிஞ்சு நின்னுச்சாம், அதனால அச்சரப்பாக்கமாம். அந்த அச்சுக்குக் கோயில் இருக்கு, பதிகம் இருக்கு. இந்த மண்ணை உழுதவன் ஏர் எத்தனை முறை முறிஞ்சதுன்னு எழுதி வைக்க ஆளில்லை. ட்ரெமென்ஹீர் ரிப்போர்ட்டை நான் மதிக்கிறேன்னா அதுக்காகத்தான், உழுதவனைப் பத்தி ஒரு காகிதம் இருக்கு.

சரி, கொடுத்த நிலம் எப்படிப் போச்சு? எல்லாத்தையும் துப்பாக்கி காட்டிப் பிடுங்கல. ஒரு மூட்டை நெல்லு, ஒரு கல்யாணக் கடன், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. வெத்துக் காகிதத்தில் கைநாட்டு. அப்புறம் கணக்கப்பிள்ளை எழுதினதுதான் கணக்கு. 1980களில் நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்துகிறோம்னு யு.டி.ஆர். என்று ஒரு திட்டம் வந்தது. பல கிராமங்களில் பழைய பதிவேட்டில் இருந்த டி.சி. என்கிற குறிப்பு, புதுப் பதிவேட்டில் இல்லாமல் போச்சுன்னு மக்கள் இன்னைக்கு வரைக்கும் சொல்றாங்க. ரெண்டே எழுத்து. அது விழுந்தா நிலமே விழுந்த மாதிரி.

இந்தப் பின்னணியில்தான் காரணை மக்கள் சிலை வச்சாங்க. அது புத்திசாலித்தனமான காரியம். கல்லு நட்டா பிடுங்கிடுவான், கம்பி வேலி போட்டா ஆக்கிரமிப்புன்னு கேஸ் போடுவான். அண்ணல் சிலையை வச்சா? அரசியல் சட்டம் எழுதின கை நீட்டிக்கிட்டு நிக்குது. அதை எடுக்கணும்னா அரசே கை வைக்கணும். அரசு கை வச்சது.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. துப்பாக்கிச்சூடு நடந்த எல்லா இடத்துலயும் அடுத்த நாள் காலையில் வர்ற முதல் வார்த்தை 'கலவரம்'. கும்பல் வன்முறையில் இறங்கியது, தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது. இந்த வாக்கியத்தை எத்தனை முறை படிச்சிருக்கோம்! 1999 ஜூலை 23, கூலி உயர்வு கேட்ட மாஞ்சோலைத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனாங்க. போலீஸ் விரட்டினதில் தாமிரபரணியில் விழுந்து 17 பேர், கைக்குழந்தை உட்பட. 2011 செப்டம்பர் 11, பரமக்குடி, இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்குக் கூடின சனம், 6 பேர். 2018 மே 22, தூத்துக்குடி, ஆலை வேண்டாம்னு கலெக்டர் ஆபீசுக்கு நடந்த சனம், 13 பேர். இது எல்லாத்துலயும் சனம் எதுக்குப் போச்சு? மனு கொடுக்க, நினைவு நாள் கொண்டாட, கூலி கேட்க.

அகிம்சைன்னா காந்தியாரோட சொத்துன்னு நம்மாளே நினைச்சிக்கிட்டு, "அதெல்லாம் நமக்கு ஒத்துவராது தோழர்"னு சொல்றதைக் கேட்கிறேன். 1927 மார்ச் 20இல் மகத் சவுதார் குளத்தில் அண்ணல் இறங்கித் தண்ணி குடிச்சாரே, அதுக்குப் பேரு என்ன? தண்ணி குடிச்சிட்டுத் திரும்பினவங்களை ஊர்க்காரன் அடிச்சான். திருப்பி அடிக்க நம்மகிட்ட ஆள் பலம் இருந்தது, பட்டாளத்தில் இருந்து வந்தவங்களே இருந்தாங்க. அண்ணல் அடக்கினார். அடங்கினது பயத்தில் இல்ல. சட்டம் எங்க பக்கம் இருக்கு, பொதுக்குளம் பொதுவானதுதான்னு நகரசபை தீர்மானம் இருக்கு, அதை நாங்க நடைமுறைப்படுத்தறோம், அவ்வளவுதான் என்பது அவர் நிலைப்பாடு. உண்ணாவிரதம் இருந்து எதிரி மனசை இளகவைக்கிறது ஒரு வழி. இருக்கிற உரிமையைக் கையில் எடுத்துப் பயன்படுத்திக் காட்டறது இன்னொரு வழி. காரணை ரெண்டாவது வழி. அரசாணை இருக்கு, நிலம் எங்களுது, நாங்க நிலத்துல நிக்கிறோம். சுட்டவன்தான் சட்டத்துக்கு வெளியே போனான்.

சட்ட மாணவர்கள் இங்க இருக்கீங்க, ஒரு வார்த்தை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129ஆம் பிரிவு கூட்டத்தைக் கலைக்கச் சொல்லுது. 132ஆம் பிரிவு, அப்படிக் கலைச்ச அதிகாரி மேல அரசு அனுமதி இல்லாம வழக்குப் போட முடியாதுன்னு சொல்லுது. சுட்டவனும் அரசு, அனுமதி கொடுக்கிறவனும் அரசு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்திருக்கு, பேரு மாறியிருக்கு, எண் மாறியிருக்கு. இந்தப் பாதுகாப்பு மாறல. இதைப் பத்தி உங்க கல்லூரியில் ஒரு கூட்டம் போடுங்க.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜிம்மி லீ ஜாக்சன்னு ஒரு கறுப்பு இளைஞன். 26 வயசு. ஓட்டுரிமைக்குப் பெயர் பதியப் போய்ப் போய்த் திரும்பினவன். 1965 பிப்ரவரி 18 இரவு, மரியன் ஊரில் அமைதியா நடந்த ஊர்வலத்தை போலீஸ் அடிச்சு விரட்டுது. சனம் ஒரு ஓட்டலுக்குள்ள ஓடுது. அம்மாவையும் தாத்தாவையும் அடிக்க விடாம குறுக்கே போனவனை ஒரு போலீஸ்காரன் வயித்துல சுட்டான். எட்டு நாள் கழிச்சு செத்தான். அவன் உடலைத் தூக்கிக்கிட்டு மாநிலத் தலைநகருக்கே நடப்போம்னு எழுந்த பேச்சுதான் செல்மா நடைப்பயணம் ஆச்சு. அந்த வருசம் ஆகஸ்ட் மாசம் வாக்குரிமைச் சட்டம் வந்தது. சுட்டவனுக்கு? 45 வருசம் கழிச்சு, 2010இல், குற்றத்தை ஒத்துக்கிட்டான், ஆறு மாசச் சிறை. ஆறு மாசம்னு சிரிக்காதீங்க. 45 வருசம் அந்தக் கோப்பை மூட விடாம ஆளுங்க இருந்திருக்காங்க பாருங்க. நான் அதைச் சொல்றேன்.

நம்ம பக்கம் கோப்பு எங்க இருக்கு?

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. ஜான் தாமஸ் பேரை மட்டும் சொல்லி நிறுத்திடறவங்க இருக்காங்க. ஏழுமலை பேரை மட்டும் உரக்கச் சொல்லி ஜான் தாமஸைத் தொண்டைக்குள்ளேயே முழுங்கறவங்களும் இருக்காங்க. "பேரே சொல்லுதே, அவரு கிறிஸ்தவர் ஆச்சே, பாதிரியார் தூண்டிவிட்டது"ன்னு அன்னைக்கே பேசினாங்க, இன்னைக்கும் பேசறாங்க. ஒருத்தன் நிலத்தைக் கேட்கிறதுக்கு வெளியிலிருந்து ஒருத்தன் தூண்டிவிடணுமா? பசிக்குதுன்னு சொல்லித்தர ஆள் வேணுமா? 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரா மாறின தலித்தைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்திச்சு. சீக்கியரை 1956இல் சேர்த்தாங்க, பௌத்தரை 1990இல் சேர்த்தாங்க, கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். சேரியில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே கழனியில் நாத்து, ஊர்க்காரன் ரெண்டு பேரையும் ஒரே பேர் வச்சுத்தான் கூப்பிடுறான். சான்றிதழில் மட்டும் வேற வேற. செங்கல்பட்டில் சுட்டவன் சாதிச் சான்றிதழைக் கேட்டுச் சுடல. ரெண்டு பேரையும் சேர்த்தே சொல்லுங்க. போஸ்டர் அடிக்கும்போது ரெண்டு பேரும் ஒரே அளவு எழுத்து. இதை நான் கட்டளையாவே சொல்றேன், கோவிச்சிக்காதீங்க.

சாவுக்கு அப்புறம் என்ன நடந்தது? பஞ்சமி நிலம் என்கிற வார்த்தை தாலுக்கா ஆபீசுக் கட்டிலிருந்து தெருவுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அந்த வார்த்தை எத்தனை பேருக்குத் தெரியும்? மாவட்டத்துக்கு மாவட்டம் நில மீட்புக் குழுக்கள் வந்தன. 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் பஞ்சமி நிலத்தைக் கண்டறிய அரசே குழு போட்டது. 2019இல் 'அசுரன்' படம் வந்ததும் தொலைக்காட்சியில் ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாக் கட்சிக்காரனும் பஞ்சமி நிலம் பத்திப் பேசினான், யார் யார் இடத்தை வளைச்சிருக்கான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டாங்க. ரெண்டு வாரம். அப்புறம் வேற விவாதம் வந்துடுச்சு. குழுவும் வந்தது, படமும் வந்தது, பட்டா வரல.

நடுவில் இந்தக் கடற்கரை எப்படி மாறிப்போச்சுன்னு பாருங்க. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாச்சு. பழைய மாமல்லபுரம் சாலையில் கணினிக் கம்பெனிகள் வந்தன. 1994இல் ஏக்கர் கணக்கில் பேசின இடத்தை இன்னைக்குச் சதுர அடியில் பேசறான். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆச்சு, நல்லது, மனு கொடுக்க காஞ்சிபுரம் போற பஸ் செலவு மிச்சம். ஆனா நிலத்துக்கு விலை ஏறினா அதைக் கேட்கிறவன் உயிருக்கு விலை இறங்குது. ஏரி வண்டல் எடுக்க எதிர்ப்பு சொன்னாலே இப்ப ஆள் வருது.

அதனால நம்ம வேலை என்ன? வீர வணக்கம் சொல்லி முடிச்சிடலாம். சொல்லத்தான் வேணும். ஆனா வாட்சப்பில் படம் வைக்கிற பையன்கிட்ட, உங்க ஊர்ல டி.சி. நிலம் எந்த சர்வே நம்பர்னு கேட்டா முழிக்கிறான். ஒரு தாலுக்கா ஆபீசில், எந்த ஆபீசுன்னு இப்ப வேணாம், "ரெஜிஸ்டரைக் கரையான் தின்னுடுச்சு சார்"னு என்கிட்டயே சொன்னாங்க. கரையானுக்கும் சாதி தெரியுது பாருங்க, நம்ம பக்கத்தை மட்டும் திங்குது. எழுத்துல கொடுங்கன்னேன். எழுத்துல கேட்டதும் ரெஜிஸ்டர் கிடைச்சிடுச்சு.

எழுத்துல கேளுங்க. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம், பத்து ரூபா கட்டணம், முப்பது நாளில் பதில் தரணும், தரலைன்னா மேல்முறையீடு. உங்க கிராமத்து அ பதிவேடு நகலும், யு.டி.ஆருக்கு முந்தின செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலும், ரெண்டையும் சேர்த்துக் கேளுங்க. ஒண்ணை மட்டும் வாங்கினா பிரயோசனம் இல்ல. பழசுல டி.சி. இருந்து புதுசுல இல்லைன்னா அந்த இடத்துலதான் திருட்டு நடந்திருக்கு. அப்புறம் சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, எந்த வருசம் யார் யாருக்கு வித்தான்னு வரும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தலித் நிலத்தை வளைக்கிறதும், நிலத்தை விட்டு விரட்டறதும் தனிக் குற்றம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அது இன்னும் விரிவா இருக்கு. ஆனா வழக்கு காகிதத்தில் நிக்கும், ஆவேசத்தில் நிக்காது.

பட்டா மீட்கும்போது யார் பேரில் வாங்கறோம் என்பதையும் இப்பவே பேசி வச்சிக்கணும். போராட்டத்துல முன்னாடி நின்னு லத்தியடி வாங்கறது பொம்பளைங்க. பட்டாவில் பேரு ஆம்பளைது. அப்புறம் அவன் சாராயக்கடையில் கைநாட்டு வச்சிட்டு வந்தா மறுபடி காரணைதான். இதைச் சொன்னா சில தோழர்களுக்கு முகம் சுளிக்குது. சுளிக்கட்டும்.

நேரமாச்சுன்னு சீட்டு வந்திருக்கு. எனக்கு அடுத்துப் பேச வேண்டிய அக்கா, மேடை ஏற மாட்டேன்னு ஓரமா உட்கார்ந்திருக்காங்க. அவங்க மடியில் ஒரு மஞ்சப்பை இருக்கு. அவங்க மாமனார் காலத்துக் கிஸ்தி ரசீது அதுல ஆறோ ஏழோ இருக்கு, சர்வே நம்பரோட. மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிய ஆரம்பிச்சிடுச்சு. யாராவது ரெண்டு பசங்க அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போய், ரயிலடிப் பக்கம் கடை மூடறதுக்குள்ள ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. மூணு செட்டு எடுங்க. ஒரிஜினல் அவங்க பையிலேயே இருக்கட்டும்.